ரன்: ஓடாமலே ஓடும் ஒரு சொல்

(கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் கடினமான சொல் எது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் நீளமான சொல்லாகப் பார்த்துத் தேடுவோம். டாக்டர் சீட்டில் எழுதுகிற நோயின் பெயர், வக்கீல் நோட்டீஸில் வருகிற லத்தீன் தொடர், இப்படி ஏதாவது. அவையெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லை. அகராதியைத் திறந்தால் ஒரு பொருள்தான் இருக்கும், ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆளைப் பாடாய்ப் படுத்துகிறவை கெட், புட், செட், டேக், கோ, ரன் மாதிரியான குட்டிச் சொற்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள் இவை. ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் புழங்கியவர்களையும் தடுக்கி விழவைக்கிற சொற்களும் இவைதான். இவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ரன்.

1755இல் சாமுவேல் ஜான்சன் தம்முடைய ஆங்கில அகராதியை வெளியிட்டார். எழுத உதவிய சில உதவியாளர்களைத் தவிர, 40,000க்கும் மேற்பட்ட சொற்களுக்குத் தனியாளாகப் பொருள் எழுதியவர். அந்த அகராதியின் முன்னுரையில் இந்தக் குட்டி வினைச்சொற்களைப் பற்றி ஒரு புலம்பல் இருக்கிறது. பொருள் இளகி எங்கெங்கோ பரவிக் கிடப்பதால் இவற்றை வரையறைக்குள் பிடித்து நிறுத்த முடியவில்லை என்பது அவர் குறை. தம்மைப் படுத்திய சொற்களை வரிசையாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். ரன்னும் அந்த வரிசையில் உண்டு.

ஜான்சனுக்கு அடுத்த பெரிய முயற்சி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வந்தது. 1928இல்தான் முழுசாக முடிந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே அதைப் பார்க்காமலே 1915இல் காலமானார். இந்த அகராதியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த சொல் செட். 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில், செட் என்ற வினைச்சொல்லை விளக்க மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாகியிருந்தன. ஒரு நாவல் எழுதிவிடலாம். பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் ரன்னின் முறை வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ஒன்பது மாதம் இந்த ஒரே சொல்லோடு உட்கார்ந்திருந்தார். 2011இல் முடிவு தெரிந்தது: ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். பெயர்ச்சொல்லாக வருகிற ரன் தனிக்கணக்கு. செட் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

இந்த 645 என்ற எண்ணை அப்படியே விழுங்கவேண்டியதில்லை. பொருளை எண்ணுவது மாட்டை எண்ணுவது போன்ற காரியம் அல்ல. ஆறு ஓடுகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, மூக்கிலிருந்து நீர் ஓடுகிறது. இது மூன்று பொருளா, ஒரே பொருளா? அகராதி செய்கிறவர்களிலேயே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சேர்த்துக் கட்டும், இன்னொரு கட்சி பிரித்துப் போடும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பிரிக்கிற கட்சி. ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டு முதல் வழக்கில் இருக்கிறது என்று மேற்கோளோடு காட்டுவது அதன் முறை என்பதால் பிரித்துத்தான் ஆகவேண்டும். நாம் கைக்குள் வைத்துப் புரட்டுகிற சிறிய அகராதியில் இதே ரன்னுக்கு ஒரு பக்கத்துக்குள் கதை முடிந்துவிடும். ஆகவே சாதனை என்று பத்திரிகைகள் எழுதியது பாதி சொல்லின் பெருமை, பாதி அகராதிக்காரரின் பொறுமை.

ஆனாலும் சொல்லின் பெருமை குறைவானதல்ல. ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் ஜிப்ஃப் என்ற அறிஞர் 1945இல் இதை ஆராய்ந்து, ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் பொருளும் பெருகும் என்று காட்டினார். புழங்காத சொல்லுக்கு ஒரே பொருள். நாள் முழுக்க வாயில் இருக்கிற சொல்லுக்குப் பத்துப் பொருள், இருபது பொருள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் ஆமை ஓடும் உண்டு, வீட்டுக் கூரை ஓடும் உண்டு, அவனோடு இவனோடு என்கிற ஓடும் உண்டு, ஓட்டப் பந்தயத்து ஓடும் உண்டு. பந்தயத்து ஓட்டுக்கும் ஆமை ஓட்டுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது, ஒலிதான் ஒன்று. ரன்னின் கதை அப்படிப்பட்டதல்ல. அதன் அத்தனை பொருளும் ஒரே வேரில் கிளைத்தவை.

அந்த வேர் எப்படி இருந்தது? பழைய ஆங்கிலத்தில் ரின்னன் என்றும் இர்னன் என்றும் வழங்கியது. அதன் உறவு மொழியான ஜெர்மனில் இன்றைக்கும் இரண்டு சொற்கள் அக்காள் தங்கையாக இருக்கின்றன: ரென்னன் என்றால் ஓடு, ரின்னன் என்றால் வழிந்து ஒழுகு. அதாவது காலால் ஓடுவதும் நீர் ஓடுவதும் தொடக்கத்திலிருந்தே கூட வந்தவை. மனிதன் ஓடுவதைப் பார்த்து ஆற்றுக்குக் கற்பனையாகக் கால் வைத்தார்கள் என்று நினைக்கவேண்டியதில்லை. இது தமிழனுக்குப் புதிதும் அல்ல. நமக்கும் ஆறு ஓடத்தான் செய்கிறது.

அடுத்துச் சொல்லப்போவது கொஞ்சம் இலக்கணம். தூங்காமல் கேளுங்கள், ஏனென்றால் ரன்னின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. தமிழில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. அடங்கு, அடக்கு. ஒற்று ஒன்று இரட்டித்தாலோ, மெல்லினம் வல்லினமானாலோ வேலை முடிந்தது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்தப் பழக்கம் இருந்தது. சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்காரவை. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வீழ்த்து. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. இந்தப் பழைய சோடிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ரன்னுக்கும் அப்படி ஒரு சோடி இருந்தது. ஓடு என்பதற்கு ஒரு சொல், ஓட்டு என்பதற்கு வேறொரு சொல். அந்த இரண்டாவது சொல் வழக்கொழிந்து போயிற்று. அதன் வேலையையும் ரன்னே தலையில் ஏற்றிக்கொண்டது.

விளைவைப் பாருங்கள். குதிரை ஓடினாலும் ரன், குதிரையை ஓட்டினாலும் ரன். தண்ணீர் ஓடினாலும் ரன், குளிக்கத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டாலும் ரன். இயந்திரம் தானாக ஓடினாலும் அதுதான், ஆள் வைத்து ஓட்டினாலும் அதுதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஆலைகள் வந்தன, நீராவி எந்திரம் வந்தது, ரயில் வந்தது. ஓட ஆரம்பித்த ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் இந்தப் பழைய சொல் தயாராக நின்றது. எந்திரத்தை ஓட்டுகிறவர் ஆலையை ஓட்டுகிறவர் ஆனார். ஆலையை ஓட்டுகிறவர் வியாபாரத்தையே ஓட்டுகிறவர் ஆனார். தொழிலை நிர்வகிப்பதற்கு இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவியது. பின்னாளில் கணினி வந்தபோது நிரலும் ரன் ஆயிற்று. அகராதிக்காரருக்குப் பொருள்கள் மளமளவென்று கூடியது இப்படித்தான்.

இந்த இடத்தில் தமிழ் எங்கே ரன்னோடு சேர்ந்து ஓடுகிறது, எங்கே விலகிக்கொள்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆங்கிலேயர் கம்பெனியை ஓட்டுகிறார். நாம் நடத்துகிறோம். கடை, பள்ளிக்கூடம், கட்சி, குடும்பம், கல்யாணம், எல்லாவற்றையும் நாம் நடக்கத்தான் வைக்கிறோம். ‘கடையை ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால், வியாபாரம் படுத்துவிட்டது, ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார் என்று நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நிர்வாகத் திறமையைக் குறிக்கிற சொல், தமிழில் இழுபறியைக் குறிக்கிறது. நம் ஊரில் ஓட்டுவது என்றால் கேலி செய்வதும்கூட. பின்பெஞ்சுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தீபாவளிக்குச் சிறப்புப் பேருந்துகளை ஆங்கிலத்தில் ரன் பண்ணுவார்கள். நாம் பஸ் விடுகிறோம். காய்ச்சல் ஆங்கிலத்தில் ரன். நமக்கு அடிக்கும், அல்லது கொதிக்கும். சளி பிடித்தால் அவர்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துவைத்த புடவையில் சாயம் ஓடினால், நமக்குச் சாயம் போகும். வீட்டில் பால் ரன் அவுட் ஆனால், தீர்ந்துபோயிற்று என்போம். ‘பால் வெளியே ஓடிவிட்டது’ என்று எழுதிய பரீட்சைத் தாளும் உண்டு என்று ஆசிரியர்கள் கேலியாகச் சொல்வார்கள். ஒரு குணம் குடும்பத்தில் ஓடினால், வழிவழியாக வருகிறது என்போம். கோபமாக இருந்தால் ‘உங்க வம்சத்துக்கே இது உண்டு’ என்போம்.

சேர்ந்து ஓடுகிற இடமும் இருக்கிறது. அசையாத பொருளை ஓடவைப்பதில் இரண்டு மொழியும் ஒன்று. சாலை ஊருக்கு நடுவே ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. கையில் ரேகை ஓடுகிறது. சாலையும் விரிசலும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஓடுவது அவற்றைப் பார்க்கிற நம் கண். அதே மாதிரி ‘மனசுல என்ன ஓடுது?’, ‘பொழப்பு எப்படி ஓடுது?’, ‘கையும் ஓடலை, காலும் ஓடலை’. தமிழ் ஓடுவும் சளைத்ததல்ல.

ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரசியல் வரலாற்றையும் பார்க்கலாம். பிரிட்டனில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார், அமெரிக்காவில் ஓடுகிறார். ஒரே மொழி, ஒரே காரியம், ஒருவர் ஸ்டாண்ட், இன்னொருவர் ரன். அமெரிக்கர்கள் தேர்தலைக் குதிரைப் பந்தயமாகப் பார்த்தார்கள். தேர்தலே ரேஸ். முன்னணியில் இருப்பவர் ஃபிரன்ட் ரன்னர். துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு ரன்னிங் மேட் என்று பெயர். அது ஒரே லாயத்திலிருந்து இன்னொரு குதிரைக்கு வேகம் கொடுப்பதற்காகக் கூட ஓடவிடுகிற குதிரையின் பெயர். அந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருந்ததோ என்னவோ! நம் தேர்தல் முறை லண்டன் வழியாக வந்தது. நாமும் நிற்கத்தான் செய்கிறோம். ‘எங்க தொகுதியில யாரு நிக்கிறா?’ என்றுதான் கேட்கிறோம். ஓடுவதெல்லாம் ஜெயித்த பிறகு, அதுவும் வேறு திசையில்.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். கிரிக்கெட்டின் பழைய நாட்களில் எல்லைக்கோடு கிடையாது. எவ்வளவு ஓடினார்களோ அவ்வளவுதான் கணக்கு. கணக்கு எழுதுகிறவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு வெட்டிக் குறித்துக்கொண்டார். அதனால் 18ஆம் நூற்றாண்டில் ரன்னுக்கு வெட்டு என்ற பொருள்படும் நாட்ச் என்ற பெயரே வழங்கிற்று. பிறகு ரன் வென்றது. வென்ற பிறகு ஓட்டத்தையே உதறிவிட்டது. இன்றைக்குச் சிக்ஸர் அடித்தவர் ஓடுவதில்லை. மட்டையில் சாய்ந்துகொண்டு நிற்கிறார், ஆறு ரன் ஏறுகிறது. வைடு பந்துக்கு யாரும் நகர்வதே இல்லை, அதற்கும் ஒரு ரன். இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ரன் என்றே வைத்துக்கொண்டன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓட்டம் என்று எழுதுகின்றன: இத்தனை ஓட்டங்களால் வெற்றி. என் காதுக்கு இலங்கை வழக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் சேப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ‘இன்னும் நாலு ஓட்டம்’ என்று கத்த எனக்கே வாய் வராது.

வங்கிக்கு வருவோம். ஒரு வங்கி மீது ரன் என்றால், பணம் போட்டவர்கள் எல்லாரும் நம்பிக்கை இழந்து ஒரே நேரத்தில் எடுக்க வருவது. எந்த வங்கியும் வாங்கிய பணம் முழுவதையும் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பதில்லை, கடன் கொடுத்திருக்கும். ஆகவே நல்ல வங்கியும் இதில் கவிழ்ந்துவிடலாம். லண்டனில் 1866இல் ஓவரென்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் விழுந்தபோது பெரும் பீதி கிளம்பியது. அதற்குப் பிறகு பிரிட்டனில் அப்படியொரு காட்சி 2007 செப்டம்பரில், நார்தர்ன் ராக் வங்கி வாசலில் தெரிந்தது. தெருவில் நீண்ட வரிசை. பெயர்தான் ரன், அந்த ஆட்கள் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்றார்கள். 2023 மார்ச்சில் கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியில் நிற்கிற வேலையும் இல்லை. கைப்பேசி வழியாக ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க ஆணைகள் குவிந்தன. மறுநாள் வங்கி மூடப்பட்டது. 1964இல் வந்த மேரி பாப்பின்ஸ் படத்தில் இந்தச் சங்கதி குழந்தைக்கும் புரிகிற மாதிரி வரும். ஒரு சிறுவன் வங்கியில் தன் இரண்டு பென்னியைத் திருப்பிக் கொடு என்று கத்துவான். அதைக் கேட்டவர்கள் வங்கி பணம் தரமறுக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், ரன்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பொறி வைக்கிற ஒரு தொடர் புல் ரன். வணிகப் பக்கத்தில் வந்தால் பங்குச் சந்தையின் ஏறுமுகம். தமிழ்ப் பத்திரிகைகளும் காளையைக் கூட்டி வந்துவிட்டன. ஸ்பெயினின் பாம்ப்ளோனா நகரைப் பற்றிய செய்தியில் வந்தால் நிஜக் காளைகள் தெருவில் ஓடுவது. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய நூலில் வந்தால் காளையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அது வர்ஜீனியாவில் ஒரு ஓடையின் பெயர். அந்தப் பக்கத்து ஆங்கிலத்தில் ரன் என்றால் சிற்றோடை. 1861 ஜூலையிலும் 1862 ஆகஸ்டிலும் அதன் கரையில் இரண்டு சண்டைகள் நடந்தன. வட மாநிலத்தார் ஓடையின் பெயரால் அவற்றைப் புல் ரன் என்றார்கள். தென் மாநிலத்தார் பக்கத்து ஊரின் பெயரால் மனாசஸ் என்றார்கள். ஓடை என்ற தமிழ்ச் சொல்லிலேயே ஓடு இருக்கிறது என்பதை நினைத்தால், இங்கே மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் கைகொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு முதலில் கண்ணில் படுவது காளைதான்.

மேடையிலும் திரையிலும் ரன் என்றால் எத்தனை நாள் நடந்தது என்ற கணக்கு. அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ நாடகம் 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தும்வரை விடாமல் ஓடியது; அடுத்த ஆண்டு மறுபடி தொடங்கிவிட்டார்கள். இந்தப் பொருளில் நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 1944 தீபாவளிக்கு வந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் ஓடுகிறது என்று நாம் சொல்லும்போது படச்சுருள் ஓடியதும் சேர்த்தி, நாள் ஓடியதும் சேர்த்தி. ‘ஓடின படம்’, ‘ஓடாத படம்’ என்ற தீர்ப்பை இவ்வளவு சுருக்கமாக ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா, சந்தேகம்தான்.

மரபுத்தொடர்களில் ஒன்றிரண்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ரன் ஆஃப் தி மில் என்றால் இன்று சாதாரணம், சுமார் ரகம் என்று பொருள். முதலில் அது ஆலையிலிருந்து வருகிற சரக்கைத் தரம் பிரிக்காமல் அப்படியே எடுப்பதைக் குறித்தது. ரன் ரயட் என்றால் தறிகெட்டுப் போவது. அது வேட்டைக்காரர்களின் பேச்சு: நரியை மோந்து துரத்தவேண்டிய நாய் வேறு ஏதோ விலங்கின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. ரன் தி காண்ட்லெட் என்பதில் இரும்புக் கையுறை நினைவுக்கு வரும். கையுறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு வரிசையாகச் சிப்பாய்கள் நின்று அடிக்க, நடுவில் ஓடவேண்டிய தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் காட்லொப் என்று பெயர். சந்து ஓட்டம் என்று சொல்லலாம். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து, காதுக்குத் தெரிந்த கையுறையின் பெயரோடு கலந்துவிட்டது.

இந்தச் சொல்லை நாம் கடன் வாங்கியிருக்கிற விதம் தனி அழகு. அகராதிகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ரன்னிங் பஸ்ஸில் ஏறாதே என்கிறோம். பழைய வண்டியை விற்கிறவர் ‘நல்ல ரன்னிங் கண்டிஷன்’ என்கிறார். ஜவுளிக் கடையில் மீட்டர் கணக்கில் கிழித்துக் கொடுப்பது ரன்னிங் மெட்டீரியல். தச்சரும் டைல்ஸ்காரரும் நீளவாக்கில் அளந்து கூலி பேசுவது ரன்னிங் அடி. பள்ளிக்கூடத்தில் கூட்டெழுத்தாக எழுதுவது ரன்னிங் லெட்டர். படம் பார்க்கும்போது பின்னால் உட்கார்ந்து கதை சொல்கிறவர் கொடுப்பது ரன்னிங் கமென்ட்ரி. 2002இல் மாதவன் நடித்த படத்துக்கு ‘ரன்’ என்றே பெயர் வைத்தார்கள். யாரும் பொருள் கேட்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத கொத்தனார், ரன்னிங் அடிக்கும் சதுர அடிக்கும் வித்தியாசம் தெரிந்து கூலி பேசுகிறார். ஆங்கிலம் படித்த வீட்டுக்காரர்தான் அங்கே முழிக்கிறார்.

நமக்கே இப்படி என்றால், தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நாம் போடு என்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். சட்டை போடு, டீ போடு, ஓட்டுப் போடு, கோலம் போடு, சண்டை போடு, ஊசி போடு, கணக்குப் போடு, கையெழுத்துப் போடு, தாழ்ப்பாள் போடு, பழி போடு. பூனை குட்டி போடும், அப்பா சத்தம் போடுவார், டிவியில் படம் போடுவார்கள், சாமியார் மொட்டை போடுவார். இதில் எது முதல் பொருள், எது வழிப்பொருள்? விடு என்பதும் அதற்குக் குறைந்ததல்ல: மூச்சு விடு, பட்டம் விடு, லீவு விடு, கதை விடு, குழந்தைகள் விடுகிற டூ. போதாக்குறைக்கு வந்துவிடு, செய்துவிடு என்று துணைவினையாகவும் வந்து நிற்கும்.

நம் முன்னோர் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதைக் கவனிக்காதவர்கள் அல்ல. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதிதான். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அவை செய்யுள் படிக்கவும் செய்யுள் எழுதவும் வேண்டிய சொற்களைத் தொகுத்தவை. டீ போடுகிற போடுவுக்கு அங்கே இடமில்லை. பேச்சு வழக்கையும் இன்றைய எழுத்து வழக்கையும் மதித்து வினைச்சொற்களைப் பிரித்து விளக்குகிற வேலையை 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொறுப்பாகத் தொடங்கியது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ரன் என்றால் ஓடு என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது பயன் தராது. 645 பொருளையும் உருப்போடுவது பைத்தியக்காரத்தனம். ஆங்கிலேயரே யாரும் அப்படிக் கற்றுக்கொண்டதில்லை. அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பது நீரா, எந்திரமா, கடையா, காய்ச்சலா, வங்கியா? பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது இன்ட்டுவா, ஓவரா, அவுட்டா? பழைய நண்பரை ரன் இன்ட்டு செய்தால் எதிர்பாராமல் சந்தித்தீர்கள். காப்பி வாங்கிக் கொடுக்கலாம். அதே நண்பரை ரன் ஓவர் செய்தால் போலீஸ் வரும். கூட்டாளியையும் சேர்த்து எழுதிவைக்காத சொல், பரீட்சைக்கும் உதவாது, பேச்சுக்கும் உதவாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1879இல் ஜேம்ஸ் மரே ஆங்கிலம் படிக்கிற பொதுமக்களுக்கு ஒரு முறையீட்டை அச்சிட்டு அனுப்பினார். புத்தகம் படியுங்கள், சொல்லைக் கண்ட இடத்தில் வாக்கியத்தோடு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. பிரித்துப் பார்த்தவருக்கு ஒரு ஏமாற்றம். அபியூஷன் என்ற அபூர்வச் சொல்லுக்கு ஏறக்குறைய 50 சீட்டுகள் இருந்தன. நாள்தோறும் புழங்குகிற அபியூஸ் என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. அரிய சொல்லைக் கண்டால் எல்லாரும் எழுதி வைக்கிறார்கள். வாயில் இருக்கிற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. தமிழிலும் இதே நிலைதான். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தொகுத்தார். இப்படி வட்டாரம் வட்டாரமாக அபூர்வச் சொற்களைக் காப்பாற்ற ஆட்கள் வந்தார்கள். போடு, விடு, அடி, பிடி, எடு, வை, ஓடு ஆகியவற்றுக்கு அப்படி ஆள் வரவில்லை. உங்களில் பலர் திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம், வேலூர் என்று பல ஊர்களிலிருந்து வந்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில், சந்தையில், பஸ்ஸில் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் ஊர்ப் பெயரோடு ஒரு சீட்டில் எழுதுங்கள். ஒரு பருவம் முடியும்போது தமிழ்த் துறையில் கொண்டுவந்து கொடுங்கள். வாங்கி வைப்பதாகத் துறைத் தலைவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.